காவேரி பேரில் இருபத்தைந்து சுருட்டு

கப்பலில் அது கடைசிக் காலை. ஜன்னலுக்கு வெளியே கடலின் நீலம் கலங்கி, சென்னைத் துறைமுகத்துப் பழுப்புத் தண்ணீர் தென்படத் தொடங்கியிருந்தது. காவேரி தட்டில் இட்லி வைத்துக்கொண்டு கணவன் சிவராஜுக்கு எதிரே உட்கார்ந்தாள். அதே மேஜையில் ராஜகோபாலும் அவர் மனைவி கலைவாணியும் இருந்தார்கள்.

சாப்பாட்டுக் கூடம் முழுக்கக் காஞ்சிபுரத்து முகங்கள். எல்லோரும் பட்டுப்புடவை உற்பத்தி செய்கிறவர்கள். நிறையச் சரிகை வாங்கியவர்களைச் சரிகைக் கம்பெனி தன் செலவில் இலங்கைக்குக் கப்பலில் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் சிவராஜுக்கு இது முதல் கப்பல் பயணம். திருகோணமலையில் கோணேசுவரரைப் பார்த்ததே போதும் என்று காவேரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் வந்தது கலைவாணிக்காக.

கலைவாணியின் மகன் லோகேஷுக்குக் காவேரியின் மகள் பிரியதர்ஷினியைக் கேட்டிருந்தார்கள். ஊர் திரும்பியதும் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. பிரியா எதையும் வாய்விட்டுக் கேட்கிற பெண் இல்லை. ஆனால் புறப்படுகிற அன்று பெட்டியை மூடிக்கொண்டே, "அம்மா, எனக்கு இந்த இடம் புடிச்சிருக்குதும்மா. எதையாவது பண்ணிக் கெடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையைக் காவேரி கப்பல் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

கெடுவதற்கு வழி இருந்தது. கலைவாணியின் அண்ணன் குடியிலும் புகையிலும் சின்ன வயதிலேயே போய்விட்டவர். அதிலிருந்து அவளுக்கு அந்த வாசனையே ஆகாது. சென்ற வருடம் எல்லாம் பொருந்தி வந்த ஓர் இடத்தை, பெண்ணின் அப்பா கொல்லைப்புறத்தில் பீடி பிடித்ததைப் பார்த்துவிட்டு, காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவள். "உங்க வீட்டுக்காரரு மாதிரி சுத்தமான மனுஷனை நான் பார்த்ததில்ல காவேரி" என்று இந்தப் பயணத்தில் மூன்று முறையாவது சொல்லியிருப்பாள்.

பயணக் கம்பெனிப் பையன் இளவரசன் மைக்கைத் தட்டினான்.

"அண்ணன்மாரே, அண்ணிமாரே, ஒரு நிமிஷம்! இன்னும் கொஞ்ச நேரத்துல இறங்கப்போறோம். கஸ்டம்ஸ்ல எல்லாப் பெட்டியும் ஸ்கேன் ஆகும். சரக்கு ரெண்டு லிட்டர். சிகரெட்னா நூறு. சுருட்டுனா இருபத்தஞ்சு. அதுவும் ஆளுக்கு ஆள் தனித்தனி. பொண்டாட்டி பங்கையும் சேர்த்து நானே எடுத்துக்கினு வந்தேன்னு கதை சொல்லக் கூடாது. ஒளிச்சு வெச்சு மாட்டினா பொருளும் போவும், மானமும் போவும்!"

"எங்களை ஏம்பா பார்க்கிற?" என்று ஒரு குரல் வந்தது. "ராஜகோபால் அண்ணன் பெட்டியக் கவுத்தாக்கூட விபூதிதான் கொட்டும்!"

கூடம் சிரித்தது. ராஜகோபால் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

சிவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாதி இட்லியைப் பிட்டபடி தட்டிலேயே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். நெய்துகொண்டிருக்கும்போது பாவு நூல் அறுந்து பாதி நாள் வேலை போனால்கூட, சோற்றை முடித்துவிட்டுத்தான் எழுகிற மனிதர் அவர்.

"தோ வந்துர்றேன் அண்ணி" என்று கலைவாணியிடம் சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே போனாள்.

மேல்தளத்தில் காற்று பலமாக அடித்தது. சிவராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

"இன்னாங்க? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"சுருட்டு" என்றார்.

"இன்னா சுருட்டு?"

"பெரிசு. ஃபாரின் சுருட்டு. கப்பல் கடையில வாங்கினேன். ரெண்டு பெட்டி."

காவேரி சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. "யாருக்கு?"

"உங்கப்பாவுக்கு."

அப்பா ராமலிங்கம் ஐயம்பேட்டையில் போன வருடம் காலமாகியிருந்தார். அடுத்த மாதம் வருஷப் படையல். உயிரோடு இருந்தபோது பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தால்தான் அவர்கள் வீட்டில் படையல் முழுமை பெறும். அப்பாவுக்குப் பிடித்ததில் முதலாவது சுருட்டு. டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகு, அப்பாவின் சட்டைப் பையைத் துழாவித் துழாவிப் பிடுங்கிப் போட்டவளும் அவள்தான்.

"கண்ணை மூடறதுக்கு முன்னால ஒரு நாள் என்கிட்ட கேட்டாரு. 'மாப்ள, கப்பல்ல வர்ற சுருட்டு இவ்ளோ தடிமனா இருக்குமாமே, நிசமா?'ன்னு. உங்கிட்ட சொல்லாதீங்கன்னாரு. நீ திட்டுவியாம்." சிவராஜ் இப்போதும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடையில பார்த்ததும் கை தானா போச்சு. ஒரு பெட்டி அவருக்கு. இன்னொண்ணு தென்னேரி ஏரிக்கரை முனீஸ்வரனுக்கு. வருஷா வருஷம் அவரு கொளுத்தி வெப்பாரே. சாமிக்கு வெக்காம தனக்கு மட்டும் வெச்சா மாமாவே ஒத்துக்க மாட்டாரு."

கோபப்படத்தான் அவள் வாயெடுத்தாள். அதை விழுங்கிவிட்டு, நடக்க வேண்டியதைக் கேட்டாள்.

"சரி, ஆளுக்கு இருபத்தஞ்சுன்றான். நாம ரெண்டு பேரு. ஒரு பெட்டிய எம்பையில போடுங்க. முடிஞ்சுது."

"பெட்டிதான் நேத்து சாயங்காலமே எடுத்துக்கினு போயிட்டாங்களே."

ஆமாம். பயணிகளின் பெட்டிகளையெல்லாம் முந்தைய நாளே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லி வாங்கிப்போயிருந்தார்கள். இனி கரையில்தான் கையில் கிடைக்கும்.

"ரெண்டுமே உங்க சூட்கேஸ்லயா?"

"ம்."

"கடைப் பெட்டியோடதானே வெச்சீங்க? சீல் இருக்குது இல்ல?"

சிவராஜ் கம்பியை நகத்தால் சுரண்டினார். காவேரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஊர் விட்டு ஊர் சரக்கு எடுத்துப் போகும்போது காஞ்சிபுரத்துக்காரர் யாரும் அட்டைப் பெட்டிக்கு இடம் கொடுப்பதில்லை. புடவையை உருவி அடுக்கிக்கொண்டு, பெட்டியைப் போய்ச் சேருகிற இடத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கை இங்கேயும் வேலை செய்திருக்கிறது.

"மரப்பெட்டிம்மா. பாதி சூட்கேசை அடைச்சிக்கினு நின்னுச்சு. ரூம்லயே வுட்டுட்டேன்."

"அப்ப சுருட்ட எதுல வெச்சீங்க?"

"கம்பெனிக்காரன் குடுத்தானே, மாதிரிச் சரிகை போட்ட தகர டப்பா ரெண்டு. அதுல."

"சரிகை டப்பாவுலயா!"

"கடல்காத்து பட்டா சரிகை கறுத்துரும்னுதானே காத்துப் புகாத டப்பாவுல குடுத்தான்? சுருட்டும் நமுத்துப்போற சாமான்தானே. அடியில சுருட்டை அடுக்கி, மேல சரிகை ரீலை வெச்சு மூடிட்டேன். துணியோட வெச்சா உன் புடவையில வாசனை ஏறிக்கும் பாரு." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு அதுவும் அடங்கிப்போனது. "இப்ப அவன் பேசினதைக் கேட்டாத்தான், ஒளிச்சு வெச்ச மாதிரி இருக்குமோன்னு…"

"மாதிரியா? மேல வெள்ளியும் தங்கமும் சுத்தின ரீலு, கீழ சுருட்டு! கடத்தறவன்கூட இப்படிக் கட்ட மாட்டான்."

கப்பல் ஒரு முறை ஊதியது. அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. பிரியா: 'அம்மா வந்துட்டீங்களா? ஆன்ட்டி நல்லாப் பேசறாங்களா?' காவேரி பதில் போடாமல் போனை இடுப்பில் செருகினாள்.

*

கரையில் பெட்டிகள் வந்து இறங்கின. நீண்ட கூடம், முடிவில் இரண்டு வழிகள். சொல்ல ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பச்சை. சொல்ல இருப்பவர்களுக்குச் சிவப்பு. ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு பச்சைப் பக்கம் நகர்ந்தார்கள்.

"பேசாம இவங்களோட போயிரலாம்" என்றார் சிவராஜ் மெதுவாக. "சரிகைதானே தெரியும். எல்லார் பெட்டியிலயும்தான் அந்த டப்பா இருக்குது."

அது உண்மை. எல்லோருடைய பெட்டியிலும் அதே தகர டப்பா. போய்விடலாம். ஆனால் பிடித்தால்? இந்த வரிசையின் நடுவில் நிறுத்தி, டப்பாவைத் திறந்து, மேலே இருக்கிற ரீலை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். பிள்ளையார்பாளையமே நின்று பார்க்கும். சாயங்காலத்துக்குள் சின்னக் காஞ்சிபுரம் வரை போய்விடும்: சிவராஜ் சரிகைக்கு அடியில் வைத்துக் கடத்தினான். அப்புறம் வெள்ளிக்கிழமை எங்கே?

"வேணாங்க. நாமளே போய்ச் சொல்லிரலாம்."

"சிவப்புப் பக்கம் போனா எல்லாரும் பார்ப்பாங்கம்மா."

"பார்க்கட்டும். சொல்லப் போனவங்கன்னுதானே பார்ப்பாங்க."

வாய் தைரியமாகச் சொல்லிவிட்டது. கண்கள்தான் பச்சை வரிசையில் கலைவாணியைத் தேடின. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர்கள் வரிசையை விட்டு விலகினார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் வளையல் சத்தம்.

"காவேரி! அந்தப் பக்கம் எங்க போறீங்க? வழி இதாம்மா!" கலைவாணி வண்டியோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி… ஒரு சாமான் காட்டணும்."

"இன்னா சாமான்? நாங்களும் காட்டணுமா? ஏங்க, இங்க வாங்க!"

"நமக்கெதுக்கு? வா, பஸ்ஸு நிக்குது" என்று ராஜகோபால் தூரத்திலிருந்தே சொன்னார். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"கூட வந்தவங்கள வுட்டுட்டு எப்படிப் போறது? நீங்களும் வாங்க" என்று அவரையும் இழுத்துக்கொண்டு கலைவாணி காவேரியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். எவ்வளவு நல்ல மனது! அந்த நிமிடத்தில் அந்த நல்ல மனது கொஞ்சம் குறைவாக இருந்திருக்கக் கூடாதா என்று காவேரி கடவுளை வேண்டினாள்.

சுங்க அதிகாரி ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தாள்.

"சொல்லுங்க. என்ன இருக்கு?"

சிவராஜ் தொண்டையைச் செருமினார். "சுருட்டு மேடம்."

பின்னால் வளையல் சத்தம் நின்றது.

சூட்கேஸைத் திறந்தார்கள். அதிகாரி ஒரு டப்பாவின் மூடியை நெம்பினாள். பளபளவென்று சரிகை ரீல்கள். அவள் புருவம் உயர்ந்தது. ஒரு ரீலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். அதற்குக் கீழே மெல்லிய துணி. துணிக்குக் கீழே விரல் தடிமனுக்குப் பழுப்பு நிறச் சுருட்டுகள், தலை மாற்றித் தலை மாற்றி ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

"ஏன் சார் இதுக்குள்ள வெச்சீங்க?"

சிவராஜ் கடல்காற்று, கறுத்துப்போகிற சரிகை, நமுத்துப்போகிற சுருட்டு என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது இன்னும் பொய்யாகவே கேட்டது. அதிகாரி இரண்டாவது டப்பாவையும் திறந்தாள். அதிலும் அதே அடுக்கு.

"ஒருத்தருக்கு இருபத்தஞ்சுதான் அனுமதி. அதுக்கு மேல இருந்தா நிறைய டூட்டி வரும். ஒளிச்சுக் கொண்டுவந்ததா எடுத்துக்கிட்டா கதையே வேற. இந்த டப்பா உங்களுது, சரி. அந்த டப்பா யாருது?"

"எல்லாமே நான் வாங்கினதுதான் மேடம்…"

"என்னோடது" என்றாள் காவேரி.

தன் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. கலைவாணி பக்கம் அவள் திரும்பவில்லை. கழுத்துக்குப் பின்னால் அந்தப் பார்வை சுட்டது.

"நீங்க சுருட்டுப் பிடிப்பீங்களா?"

"இல்ல மேடம். எங்கப்பா பிடிப்பாரு. இப்ப இல்ல, தவறிட்டாரு. அடுத்த மாசம் வருஷப் படையல். நான்தான் கடைசியில அவரைப் பிடிக்கவுடாம பண்ணேன். இலையில வெக்கலாம்னு…" சிவராஜ் சட்டைப் பையிலிருந்து கடை பில்லை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நாங்க ஒளிக்கல மேடம். எங்களுக்குச் சரக்குக் கட்டத் தெரிஞ்சது இப்படித்தான். பில்லு இருக்குது. எங்க ரெண்டு பேரும் இருந்த ரூம் பேர்லதான் போட்டிருக்காங்க."

அதிகாரி பில்லை வாங்கிப் படித்தாள். பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. "எங்க ஊர்ல தாத்தாவுக்கு மூக்குப்பொடி டப்பா வைப்போம்" என்றாள் யாருக்கோ சொல்வது போல. "அடுத்த தடவை அவங்கவங்க பங்கை அவங்கவங்க பையில கொண்டுவாங்க. கடைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க. எண்ணிட்டு விட்டுடறேன்."

காவேரிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதிகாரி முதல் டப்பாவை எண்ணினாள். இருபத்தைந்து. இரண்டாவதை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"இதுல இருபத்துநாலுதான் இருக்கு. குறைஞ்சா எங்களுக்குப் பிரச்சினை இல்ல. மூடிக்கலாம்."

"ஒண்ணு எங்க போச்சு?"

கேட்டது கலைவாணி. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணா, உங்களைத்தான் கேக்கறேன். படையலுக்கு வாங்கினதுன்னா ஒண்ணு எப்படிக் குறையும்?"

சிவராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தாம்மா. எப்படித்தான் இருக்கும்னு… ஒரே ஒரு தடவை."

காவேரி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பொய். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் தெருவுக்கு ஓடுகிற மனிதர். ஊதுபத்திப் புகைக்கே அரைமணி நேரம் இருமுகிறவர். இவர் சுருட்டுப் பிடித்திருந்தால் கப்பல் டாக்டரை அழைத்திருக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறார்? பெற்ற பெண்ணின் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர் யாருக்காகப் பொய் சொல்கிறார்? 'அவரு பிடிக்க மாட்டாரு அண்ணி' என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொன்னால், கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் பொய்யன் ஆக்கியது போல ஆகும். சொல்லாவிட்டால் பிரியா?

"சரிங்க அண்ணா" என்றாள் கலைவாணி. முகம் மூடிக்கொண்டுவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியைத் திருப்பினாள்.

அவ்வளவுதான், போய்விட்டது என்று காவேரி நினைத்தாள். பீடி வாசனைக்காகக் காபியைக் குடிக்காமல் எழுந்து போனாளாமே, அப்போதும் இப்படித்தான் திரும்பியிருப்பாள்.

"கலைவாணி, நில்லு."

ராஜகோபால் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. "அந்த ஒண்ணு நான் பிடிச்சது."

"நீங்களா?"

"அவரு டப்பாவுல அடுக்கிக்கினு இருந்தாரு. நான்தான் போய்ப் பல்லிளிச்சுக் கேட்டேன். வீட்ல சொல்லிராதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். மேல்தளத்துல தனியா நின்னு பிடிச்சேன். அதுக்காக அந்த மனுஷன் தன் தலையில போட்டுக்கினா, தன் பொண்ணு கல்யாணத்தையே பணயம் வெச்சு… எனக்குப் பார்க்க முடியலம்மா."

அதிகாரி டப்பாவின் மூடியைத் தட்டி அழுத்தினாள். "நீங்க எல்லாம் வெளியில போய்ப் பேசிக்குங்க. அடுத்தவங்க வாங்க."

*

பஸ்ஸில் கலைவாணி புருஷனைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டாள். அவளே வந்து காவேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவராஜ் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று, பிறகு ராஜகோபாலுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். சரிகை டப்பாக்கள் இரண்டும் காவேரியின் மடியில் இருந்தன.

பூந்தமல்லி தாண்டியது. கலைவாணி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். காவேரி டப்பாவின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். நேற்று வரை வந்த 'காவேரி, காவேரி' இன்று ஒரு முறைகூட வரவில்லை. உண்மை தெரிந்தும் பயன் இல்லையா? தன் புருஷன் குட்டு உடைந்த இடத்தில் சம்பந்தம் வைக்க யார்தான் விரும்புவார்கள்? அவமானத்தைப் பார்த்தவர்களை மனிதர்கள் மன்னிப்பதில்லை. போன் மறுபடி அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வந்ததும் கலைவாணி வாயைத் திறந்தாள்.

"எங்க கல்யாணத்தப்ப அவரு சத்தியம் பண்ணாரு. எங்கண்ணன் படத்து முன்னால. இத்தனை வருஷம் நானும் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்."

"ஒரு தடவைதானே அண்ணி…"

"நீங்க சும்மா இருங்க. எனக்கு அவரை எப்படிக் கேக்கறதுன்னு தெரியும், அது எங்க பாடு." அவள் மூக்கை உறிஞ்சினாள். கையை நீட்டிக் காவேரியின் விரலைப் பிடித்தாள். "எனக்கு இப்ப வேற பயம். அந்த வீட்ல கெட்ட பழக்கம் இருக்குதுன்னு நான் நாலு இடத்தைத் தள்ளிட்டு வந்தவ. இப்ப நீங்க அதையே சொல்லி எங்க லோகேஷ வேணாம்னுட்டா நான் எந்த முகத்தோட கேப்பேன்? அவன் வேற உங்க பொண்ணைத் தவிர யாரையும் பார்க்க மாட்டேன்றான். கப்பல் ஏறக் கெளம்பறப்பகூட அழாத குறை."

காவேரி அவளைப் பார்த்தாள். இத்தனை நேரமும் அந்தப் பக்கத்து இருக்கையிலும் தன்னைப் போலவே ஒருத்தி நடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்!

"அண்ணி, வெள்ளிக்கிழமை எத்தனை பேரு வர்றீங்க?"

கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரையும் கூட்டிக்கினு வரட்டுமா?"

"அவரு இல்லாம எப்படி? அவருதானே பேசி முடிக்கணும்."

"பேசட்டும். வாயை ஊதச் சொல்லிட்டுத்தான் உங்க வீட்டுக்குள்ள அனுப்புவேன்."

காவேரி சிரித்துவிட்டாள். சிரிப்பு ஏன் இவ்வளவு சத்தமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பின்வரிசையில் பேச்சு சட்டென்று நின்றது. இரண்டு ஆண்களும் தலையைத் தூக்கி, தங்களைப் பற்றித்தானோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.